தாங்கள் அனுப்பிய பிளாஸ்மா கட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்வது பற்றி

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்குத் தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் தங்கள் தங்கையும் வீட்டில் எரியாமல் மிச்சமிருக்கும் பகுதிகளும் நலம். அங்கு தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் கடையில் விற்காமல் கிடக்கும் பழைய மெஷின்களும் நலமாகவே இருக்கட்டும். அவற்றை இனி எந்த உறவுக்காரருக்கும் அனுப்பிவைக்க வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

பஸ் டிப்போவில் டைம்கீப்பராகக் காலம் தள்ளியவன் நான். எந்த வண்டி ஏன் தாமதம் என்பதை ஒரே வரியில் எழுதிப் பழகிய கை இது. இந்த விஷயத்தையும் அப்படித்தான் எழுதிப் பார்த்தேன்: ‘மெஷினையும் தங்கையையும் வந்து அழைத்துச் செல்லவும்.’ எழுதியதைப் படித்தால் மெஷின் முதலிலும் தங்கை இரண்டாவதாகவும் இருந்தார்கள். அதனால் கிழித்துப் போட்டுவிட்டு விவரமாக எழுதுகிறேன். பொறுத்துப் படிக்கவும்.

தங்கள் தங்கைக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி, இனிமேல் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் கையை விரித்த நாளிலிருந்து எங்கள் வீட்டு வாசல்படி எனக்கு எதிரியாகிவிட்டது தாங்கள் அறிந்ததே. வீட்டுக்குள் அவள் போகாத இடமில்லை. சமையலறையில் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி அடுப்பை அணைத்துவிட்டு மறு சுற்றில் என்னைத் திட்டிவிட்டுப் போவாள். ஆனால் வாசலுக்கு வந்ததும் அந்தப் படிகளைப் பார்ப்பாள், திரும்பிவிடுவாள். தெருமுனையில் அவளுடைய ஜெராக்ஸ் கடை பூட்டிக் கிடக்கிறது. தெருவில் எல்லாருக்கும் அவள் ஜெராக்ஸ் அக்கா. நான்கூட ஜெராக்ஸ் அக்கா வீட்டுக்காரர்தான், எனக்கென்று தனியாகப் பெயர் யாரும் வைக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் கடையின் ஷட்டரில் பாதி தெரியும். அந்தப் பாதியை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அவளைப் பார்க்காததுபோலப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

படிமேல் நாற்காலி உருண்டு இறங்குகிற மாதிரி ஒரு ரேம்ப் போட்டால் தீர்ந்தது என்று முடிவெடுத்தவன் நான்தான். அதை மறுக்கவில்லை. சிமெண்டில் போட முடியாது, படியை ஒட்டிச் சாக்கடை ஓடுகிறது, அடைப்பெடுக்க வருகிறவர்கள் மூடியைத் திறந்தாக வேண்டும். அதனால் கழற்றி மாட்டுகிற மாதிரி இரும்பில்தான் செய்ய வேண்டும். அடுத்த தெரு வெல்டரிடம் சொன்னேன். வந்தார், அளந்தார், டீ குடித்தார், “நாளைக்கு வந்துர்றேன் சார்” என்றார். அவர் சொன்ன நாளைக்கு எந்தக் காலண்டரிலும் இல்லை. பிறகு நானே இரும்புத் தகடும் ஆங்கிள் சட்டமும் வாங்கி, கார் நிற்காத எங்கள் கார் ஷெட்டில் போட்டு, ஆக்ஸா பிளேடால் அறுக்க ஆரம்பித்தேன். ஒரு சாண் அறுப்பதற்குள் பிளேடு உடைந்தது. அடுத்த சாணுக்குள் தோள்பட்டை உடைந்தது. சரி, இரும்பறுக்கிற கிரைண்டர் ஒன்று வாங்கலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினபோதுதான் தங்கள் போன் வந்தது.

“கிரைண்டரா? அதெல்லாம் போன காலம் மாப்ளே! நம்ம கடைல ஒரு பிளாஸ்மா கட்டர் சும்மா கிடக்குது. இரும்ப வாழைத்தண்டு மாதிரி நறுக்கும். அனுப்பி வைக்கிறேன்” என்றீர்கள். ஓடுமா மச்சான் என்று கேட்டேன். “சின்ன ரிப்பேர்தான்” என்றீர்கள். அந்தச் ‘சின்ன’ என்ற சொல்லைத் தாங்கள் எந்த அகராதியில் கற்றீர்கள் என்று தெரியவில்லை. அதோடு விட்டீர்களா? “மாசக் கடைசில நான் வர்றேன். ரேம்ப் இருந்துச்சுன்னா சாப்ட்டுட்டுப் போறேன். இல்லன்னா அவள எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இங்க லிஃப்ட் இருக்கு. உங்களால தனியாப் பாத்துக்க முடியாது மாப்ளே, தப்பா எடுத்துக்காதீங்க” என்றும் சொன்னீர்கள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சரியாகவே எடுத்துக்கொண்டேன். அதுதான் அதிகமாக வலித்தது.

மெஷின் வந்து இறங்கியது. இறங்கியது என்பதைவிட உங்கள் வேன் டிரைவர் அதை என் கால்மேல் இறக்கினார் என்பது பொருந்தும். மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே காற்றாடி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குளவிக் கூடு. காலியான கூடு என்று நினைத்துத் தட்டினேன். காலி இல்லை. கண் வீங்கி இமை திறக்காமல் உள்ளே போனேன், தங்கள் தங்கை பார்த்துவிட்டு, “மெஷினு ஓடுதா?” என்றாள். இன்னும் இல்லை, குளவிதான் ஓடுது என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த ஆள் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கண்ணில் வைத்துவிட்டு, ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

குளவி போன பிறகு ப்ளக்கைச் சொருகினேன். வீட்டில் மொத்தக் கரண்டும் போனது. சரி பண்ணிவிட்டு மறுபடி சொருகினேன், மறுபடி போனது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். இவரைத் தெருவில் ஷாக்கு என்று கூப்பிடுவார்கள், எத்தனை தடவை அடித்தும் பிழைத்தவர் என்பதால். அவர் வந்து, இது குடிக்கிற கரண்டுக்கு வீட்டு லைன் தாங்காது என்று தனியாக ஒரு தடித்த ஒயர் இழுத்துக் கொடுத்தார். போகும்போது மெஷினைக் காட்டி, “சார், ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. ஆஃப் பண்ணிட்டோம்னு உள்ள கைய வெச்சுராதீங்க. ஆஃப் பண்ணாலும் உள்ள கொஞ்ச நேரம் கரண்டு நிக்கும், தூக்கி அடிச்சிரும்” என்றார். ரிட்டயர் ஆனவன் மாதிரி என்று சொல்லுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு அவ்வளவு நேரமெல்லாம் நிக்காது சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான்.

இந்த மெஷினுக்குக் கரண்டு மட்டும் போதாதாம், காற்றும் வேண்டுமாம். நெருப்பை ஊதித் தள்ளிக்கொண்டு போவதே காற்றுதானாம். இதைத் தாங்கள் சொல்லவே இல்லை மச்சான். பஞ்சர் கடைக்காரர் தயவில் அவருடைய பழைய கம்ப்ரசர் கிடைத்தது. ஓடவிட்டால் யானைக்கு இருமல் வந்த மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டு ஆடிட்டர் வேலிமேல் தலையை நீட்டி, “எவ்வளவு நாள் ஓடும் இது?” என்றார். அவர் கணக்கு எழுதுகிற மனிதர், சத்தம் ஆகாது. இதோ, ஒரு பலகைதானே சார், ரெண்டு நாள் என்றேன். மனுசன் நம்பினார். பாவம்.

இப்ப காத்தும் வந்தாச்சு, கரண்டும் வந்தாச்சு. நெருப்பு வர்ற குழாய்க்கு டார்ச்சுன்னு பேராம், அதக் கையில பிடிச்சுக்கிட்டு, கறுப்புக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு விசைய அமுக்கினா, நெருப்பு வரல. உள்ள டிக் டிக்னு என்னமோ துடிக்குது, அவ்வளவுதான். திரும்பவும் அமுக்கினேன். டிக் டிக். நாள் பூரா அமுக்கிக்கிட்டே இருந்தேன். சாயங்காலமா ஆடிட்டர் முகமெல்லாம் சிவந்து போய் வந்து நிக்கிறார். “உங்க வீட்டுக்குப் பிள்ளைங்க யாராச்சும் வந்திருக்காங்களா?” இல்லையே சார், ஏன்? “காலைலேர்ந்து எங்க வீட்டுக் காலிங்பெல்ல அடிச்சிட்டு ஓடுறானுங்க. கதவத் தொறந்தா ஆள் இல்ல. குளிச்சிட்டிருந்தவன் துண்டோட வந்து தொறந்தேன். ஆள் இல்ல!” நான் ரொம்ப அனுதாபமா, இந்தக் காலத்துப் பிள்ளைங்களே இப்படித்தான் சார்னு சொல்லிக்கிட்டே, கை சும்மா இருக்காம விசைய ஒரு அமுக்கு அமுக்கினேன். அவர் வீட்ல பெல் அடிச்சுது. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அவர் சொன்னார், “இன்னொரு தடவ அமுக்குங்க.” அமுக்கினேன். அடிச்சுது. அவரோடது ஒயர் இல்லாத பெல்லாம். இந்த மெஷினோட துடிப்பு அங்க போய் அதத் தட்டுதாம். “நான் உங்களப் போலீஸ்ல சொல்லணும். என்னன்னு சொல்றதுன்னுதான் தெரியல”ன்னு சொல்லிட்டு, பெல்லோட பேட்டரியக் கழட்டி வெச்சுட்டார். மறுநாள் நெசமாவே அவர் வீட்டுக்கு வந்த சம்பந்தி வீட்டு ஆளுங்க பெல்ல அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு, வேணும்னே கதவத் தொறக்கலன்னு கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. அந்தப் பாவமும் உங்க மெஷின் கணக்குலதான் ஏறும் மச்சான்.

திரும்பவும் ஷாக்கு வந்தார். காத்து வருதான்னு பாக்குறதுக்கு மெஷினுக்குள்ள ஒரு சின்ன சுவிட்சு இருக்காம், அது துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டிருக்குன்னு சொல்லி அதப் பிரிச்சுத் தேச்சு மாட்டினார். இப்ப அமுக்கினா, டார்ச் நுனியில நீலமா ஒரு கொழுந்து! மச்சான், உண்மையச் சொல்றேன், எனக்கு அழுகை வந்துருச்சு. தீக்குச்சி அளவுதான் இருக்கும். ஆனா அது வந்த அழகு இருக்கே! உள்ள ஓடிப்போய், வந்துருச்சு வந்துருச்சுன்னு கத்தினேன். அவ பருப்புல கல்லு பொறுக்கிட்டிருந்தா. “அறுக்குதா?”ன்னு கேட்டா. அறுக்கலதான். தகடுகிட்டக் கொண்டுபோனா கொழுந்து அணைஞ்சுரும், இல்லன்னா தகட்ட நக்கிட்டுப் பொறியத் திருப்பித் துப்பும். சரியா அறுக்குற வயசுக்கு இன்னும் வரலன்னு சொன்னேன். “அதுக்குள்ள எனக்கு வயசாயிரும்”னா. சொல்லிட்டு மறுபடி பருப்புக்குப் போயிட்டா.

இனிமேல் எழுதப்போவதைத் தாங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

நேற்று மத்தியானம். நான் ஷெட்டுக்குள்ள நின்னு தகட்டோட போராடிக்கிட்டிருந்தேன். கம்ப்ரசர் இருமிக்கிட்டிருந்துச்சு. கண்ல கறுப்புக் கண்ணாடி, அதுல அந்த நீலப் பொட்டத் தவிர வேற எதுவும் தெரியாது. எனக்குப் பின்னாடி சுவரோரமா, கடையப் பூட்டினப்போ அங்கேருந்து கொண்டாந்து போட்ட பழைய பேப்பர்க் கட்டு, சாக்குச் சாக்கா. தகடு துப்பின பொறி அதுல விழுந்திருக்கு. அது எப்பப் புகைஞ்சுது, எப்பப் பத்துச்சுன்னு எனக்குத் தெரியாது மச்சான். முதுகுல சூடு ஏறுச்சு, நான் என்ன நினைச்சேன் தெரியுமா, மெஷினு நல்லாச் சூடாகி வேலை செய்ய ஆரம்பிச்சுருச்சுன்னு சந்தோசப்பட்டேன்.

அவ ஜன்னல் வழியாப் பாத்திருக்கா. கத்தியிருக்கா. எனக்குக் கேக்கல. புகை ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள நுழைய, நாற்காலிய உருட்டிக்கிட்டு வாசலுக்கு வந்து, கதவத் தொறந்துக்கிட்டு, படிக்கு மேல உக்காந்திருக்கா. கீழ இறங்க முடியாது. பின்னாடி ஹால் பூரா புகை. முன்னாடி அந்தப் படி. அவ என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாளாம் மச்சான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து “என்னங்க”தான். நேத்து பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கா. ஆடிட்டர்தான் சொன்னார், அவருக்கே கேட்டிருக்கு. எனக்குக் கேக்கல. கைக்கு அகப்பட்டத எல்லாம் எடுத்து ஷெட்டப் பாத்து வீசியிருக்கா. செருப்பு, குடை, பூட்டு. கடைசியா தண்ணி குடிக்கிற டம்ளரு வந்து என் முதுகுல பட்டுச்சு. திரும்பிக் கண்ணாடியக் கழட்டினா, எதிர்ல நெருப்பு.

நான் தீய அணைக்கப் போகல. அத மட்டும் நீங்க நம்பணும். நேரா அவகிட்டத்தான் ஓடினேன். படியேறி நாற்காலியப் பிடிச்சுத் தூக்கினேன். தூக்க முடியல. ஆக்ஸா பிளேடுல போன தோள்பட்டை, ஒரு பக்கம் எழும்புது, மறுபக்கம் எழும்பல. நாற்காலி சாய்ஞ்சுது. அவ ரெண்டு கையாலயும் என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு, “விடுங்க, என்னைய விட்டுட்டு ஆளக் கூப்புடுங்க”ன்னா. விட முடியுமா? அதுக்குள்ள ஆடிட்டர் வேலியத் தாண்டிக் குதிச்சு வந்துட்டார். அந்த வயசுல, அந்த உடம்போட! ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான், பின்னாடி பஞ்சர் கடைக்காரர். அப்படியே நாற்காலியோட தூக்கித் தெருவுல கொண்டுபோய் வெச்சோம். தெருக்காரங்க தண்ணி ஊத்தி நெருப்ப அணைச்சுட்டாங்க. பேப்பர்க் கட்டு போச்சு, ஷெட்டுல ஒரு பக்கக் கூரை போச்சு, ஜன்னல் கதவு கருகிப் போச்சு. மெஷினுக்கு ஒண்ணும் ஆகல. அதுக்கு எதுவும் ஆகாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்.

புகை போற வரைக்கும், சாயங்காலம் வரைக்கும், தெருவுலதான் உக்காந்திருந்தா. தெருவே சுத்தி நின்னுச்சு. கைக்குட்டையால முகத்தப் பொத்திக்கிட்டிருந்தா. நான் ரெண்டு தடவ பக்கத்துல போனேன். ஏறெடுத்துப் பாக்கல. இத்தன மாசம் யார் கண்ணுலயும் படாம வீட்டுக்குள்ள இருந்தவள, தெரு நடுவுல, எல்லாரும் பாக்க, கரி பூசின முகத்தோட உக்கார வெச்சுட்டேன். வீட்டுக்குள்ள கொண்டுபோய் விட்டதும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. “எங்கண்ணன் சொன்னது சரிதான்.” அவ்வளவுதான். கதவச் சாத்திக்கிட்டா.

சரிதான் மச்சான். என்னால பாத்துக்க முடியாது. வெளியே போக வழி பண்ணித் தர்றேன்னு கிளம்பி, அவள உள்ளயே வெச்சுக் கொளுத்தப் பாத்திருக்கேன். உங்க வீட்டுல லிஃப்ட் இருக்கு. அவ வெளியே வர யாரையும் கத்திக் கூப்பிட வேண்டியதில்ல. மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், முன்னாடியே வாங்க. அவளுக்கு ராத்திரி தலைகாணி ரெண்டு வேணும், ஒண்ணு முழங்காலுக்குக் கீழ. டீயில சர்க்கரை குறைச்சலா இருக்கணும், ஆனா குறைச்சலா போட்டிருக்குன்னு அவகிட்டச் சொல்லக் கூடாது. கோவமா இருந்தா பேசமாட்டா, ஆனா நாற்காலிச் சக்கரம் போடுற சத்தத்துல தெரிஞ்சுரும். இதெல்லாம் அக்காகிட்டச் சொல்லிருங்க. வேனோட வந்தீங்கன்னா மெஷினையும் ஏத்திக்கலாம்.

அக்காவுக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். பிள்ளைகள் படிப்பிலும் பண்பிலும் சிறந்து, எக்காலத்திலும் எதையும் பழசாக வாங்காமல் வாழ என் ஆசிகள். வேன் டிரைவருக்கு மட்டும் சொல்ல எதுவும் இல்லை, கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் அனுதாபத்துக்கும் உரிய,
தங்கை வீட்டுக்காரர்.

பின்குறிப்பு: மச்சான், மேலே உள்ளது எழுதிக் கொஞ்ச நாள் ஆகிவிட்டது. தபாலில் சேர்க்க மனம் வராமல் மேசைமேலேயே வைத்திருந்தேன். கண்ணில் படுகிற இடத்தில் எதை வைத்தாலும் அவள் படித்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும்தான்.

படிச்சுட்டு என்னைக் கூப்பிட்டா. “என்ன இது?”ன்னா. உன் அண்ணனுக்குன்னேன். “சரிதான்னு நான் எதச் சொன்னேன்னு நினைச்சீங்க?” நான் கடிதத்தக் காட்டினேன். “சின்ன ரிப்பேர்தான்னு சொன்னாரே எங்கண்ணன், அதச் சொன்னேன். கொழுந்து வந்துருச்சு, பொறி வந்துருச்சு, ஒரு சாக்கக் கொளுத்துற அளவுக்கு வந்துருச்சு. இன்னும் கொஞ்சந்தானே பாக்கி?”

நான் அசந்துபோய் நிக்கிறேன். தெருவுல வெச்சு உன் முகத்தப் பொத்திக்கிட்டு அழுதியேன்னு கேட்டேன். “புகையில கண்ணு எரிஞ்சா பொத்திக்காம என்ன பண்ணுவாங்க? அழுதேன்னு யாரு சொன்னா?” அப்புறம் மெல்லமாச் சொன்னா. “எத்தன மாசம் ஆச்சு தெருவப் பாத்து. எதுத்த வீட்டம்மா வந்து கையப் பிடிச்சுக்கிட்டு, கடைய எப்பக்கா தொறப்பீங்கன்னு கேட்டுச்சு. பஞ்சர் கடைக்காரர் டீ வாங்கிக் குடுத்தார். ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. புகை இல்லாம இன்னொரு தடவ போகணும்.” ஏன் என்கிட்டப் பேசலன்னேன். “உங்களப் பாத்தா சிரிப்பு வந்துரும்னு பாக்கல. மூஞ்சி பூரா கரி, கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெள்ளையா! வீடு எரியுறப்ப சிரிச்சா தெரு என்ன நினைக்கும்?” சொல்லிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சா மச்சான். முதுகு வலிக்குது வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே சிரிச்சா. நானும் சிரிச்சேன். அப்புறம் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வேற மாதிரி இருந்தோம். அத எழுதல.

மறுநாள் காலைல ஆடிட்டரும் நானும் அவளத் தூக்கி ஷெட்டு வாசல்ல வெச்சோம். பேப்பர் ஒரு துண்டு இல்லாம கூட்டிப் பெருக்கி, வாளி நிறைய தண்ணி வெச்சாச்சு. இந்த மெஷினு எப்படி வேலை செய்யுது, முதல்லேர்ந்து சொல்லுங்கன்னா. எனக்கென்ன தெரியும், ஷாக்கு சொன்னதச் சொன்னேன். கரண்டு இப்படி வருது, டார்ச்சு வழியாப் போகுது, தகட்டுக்குள்ள இறங்குது, இதோ இந்த எர்த் கிளிப்பு வழியாத் திரும்பி மெஷினுக்குப் போகுதுன்னு விரலால தொட்டுக் காட்டிக்கிட்டே வந்தவன், கிளிப்புகிட்ட வந்ததும் நின்னுட்டேன். கிளிப்ப எங்க மாட்டியிருந்தேன் தெரியுமா? தகட்டோட ஓரத்துல, கட்டியாப் பெயிண்டும் துருவும் இருந்த இடத்துல. கரண்டு திரும்பிப் போக வழியே இல்ல! உப்புத்தாள் போட்டுப் பளபளன்னு தேச்சு மாட்டினேன். கம்ப்ரசர் வயித்துல தேங்கி, காத்தோட வந்து கொழுந்த அணைச்சிட்டிருந்த தண்ணியையும் தொறந்து விட்டேன். அரை வாளி வந்துச்சு. விசைய அமுக்கினேன். வாழைத்தண்டேதான் மச்சான். நீங்க சொன்ன ஒரு சொல்லு பொய்யில்ல. மன்னிச்சுருங்க.

ஆனா என்னால நேரா அறுக்க முடியல. டார்ச்ச எடுத்தாலே முதுகுக்குப் பின்னாடி தீ இருக்கான்னு திரும்பித் திரும்பிப் பாக்குறேன். கோடு பாம்பாப் போகுது. அவ பாத்துக்கிட்டே இருந்துட்டு, “இங்க குடுங்க”ன்னா. வேண்டாம்மான்னேன். “வாழ்நாள் பூரா பேப்பர நேரா வெட்டின கை இது. குடுங்க.” தகட்ட அவ மடி உயரத்துக்குத் தூக்கி வெச்சு, கோடு நேராப் போக ஒரு சட்டத்தப் பிடிச்சுக் கொடுத்தோம். தடித்த துணியால முழங்கால் வரைக்கும் மூடி, கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டிவிட்டேன். சட்டத்த ஒட்டி டார்ச்ச இழுத்தா பாருங்க. கோணவே இல்ல. சாக்கடை மூடிக்கு வளைச்சு வெட்ட வேண்டிய இடம் வந்தப்போ மூச்சப் பிடிச்சுக்கிட்டு ஒரே இழுப்பு. துண்டு கீழ விழுந்துச்சு. ஆடிட்டர் கைதட்டினார். அந்த வளைவு மட்டுந்தான் ரேம்ப்புல அழகா இருக்கு. கோணலா இருக்குறதெல்லாம் நான் வெட்டினது. நீங்க வந்தா தனியாச் சொல்ல வேண்டியதில்ல.

போல்ட்டு முறுக்கி, ரெண்டு பக்கமும் கைப்பிடி வெச்சு, மூட்டை மூட்டையா மணல ஏத்தி இறக்கிப் பாத்துட்டு, கடைசியில் ரேம்ப்பைப் படிமேல் பொருத்திவிட்டோம். முதல் நாள் நான் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே இறங்கினேன். இரண்டாம் நாள் பிடித்த கையை அவள் தட்டிவிட்டாள். ஷட்டர் திறந்தாயிற்று. இரண்டு நாளாகக் கடை நடக்கிறது.

ஆகவே மேலே எழுதியதில் உறைமேல் உள்ள முகவரியைத் தவிர வேறு எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். வேன் வேண்டாம். மாசக் கடைசியில் சாப்பிட மட்டும் வாருங்கள். அப்படியானால் இந்தக் கடிதத்தை எதற்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் அவளிடம் கேட்டேன், கிழித்துப் போட்டுவிடலாமே என்றேன். அனுப்பியே ஆக வேண்டுமாம், என் புருஷன் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று அண்ணன் படிக்கட்டும் என்கிறாள்.

தபால்பெட்டி கடைக்கும் அந்தப் பக்கம், பெரிய ரோட்டில் இருக்கிறது. அவளே போய்ப் போடுகிறாளாம். வாசல்ல நாற்காலியத் திருப்பி வெச்சுக்கிட்டு, ஒட்டியாச்சா ஒட்டியாச்சான்னு அவசரப்படுத்துறா. கூட வரட்டுமான்னு கேட்டேன். திரும்பிப் பாத்து, “எதுக்கு?”ன்னா.

யோசிச்சுப் பாத்தேன் மச்சான். அவ கேக்குறது சரிதான். ஒட்டுறேன்.